மாற்றுக் கணையம் முதல் மாதங்களிலேயே பழுதாவது ஏன்? சர்க்கரை சரியாக இருக்கும்போதும் பயாப்ஸி எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பதில் பயன்படட்டும். முதல் வகை நீரிழிவால் சிறுநீரகமும் கெட்டுப்போன உங்கள் தம்பிக்கு, ஒரே டோனரின் சிறுநீரகத்தையும் கணையத்தையும் பொருத்தி ஏழு வாரம் ஆகிறது. அறுவை முடிந்த கையோடு இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. சர்க்கரை இன்றுவரை ஒழுங்காக இருக்கிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறவில்லை. ஆனால் இந்த வார ரத்தப் பரிசோதனையில் லைபேஸ் என்ற கணைய நொதி மூன்று மடங்காகிவிட்டது. மருத்துவர்கள் கணையத்திலிருந்து பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார்கள். "சர்க்கரைதான் நன்றாக இருக்கிறதே, பிறகு எதற்கு ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும்? இவ்வளவு சீக்கிரம் கணையம் போவதற்கு உடல் அதை ஏற்காததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்று உறுப்புகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்லும் நோய்க்குறியியல் துறையில் இருப்பவன் நான். என் பதில் இதுதான்: கணையத்தைப் பொறுத்தவரை சர்க்கரை கடைசியாகத்தான் கெடும். அது கெடும்வரை காத்திருந்தால் காப்பாற்ற அதிகம் மிஞ்சாது. இரண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. முதல் சில நாட்களில் கணையம் போனால் பெரும்பாலும் அது ரத்தக்குழாய் அடைப்பு. அந்த நாட்களைத் தாண்டிவிட்டால், முதல் ஆண்டு முழுக்க முதலில் சந்தேகப்பட வேண்டியது நிராகரிப்பைத்தான், அதாவது உடல் புதிய உறுப்பை ஏற்காமல் தாக்குவதை. உங்கள் தம்பி இப்போது இருப்பது இரண்டாவது கட்டத்தில்.

சர்க்கரை ஏன் கடைசி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தயக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கணையம் என்றால் நமக்கு இன்சுலின்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்கள். கொத்துக் கொத்தாக அமைந்த இவற்றை அசினார் செல்கள் என்போம். அமைலேஸ், லைபேஸ் எல்லாம் இவற்றின் உற்பத்தி. இவை சுரக்கும் நீர் சிறு நாளங்கள் வழியாகப் பெரிய நாளத்துக்கு வந்து குடலில் சேரும். அறுவையில் இன்சுலின் செல்களை மட்டும் பிரித்து வைக்க முடியாது. டோனரின் முழுக் கணையமும், அதோடு ஒட்டிய முன்சிறுகுடல் துண்டும் சேர்ந்தே வருகின்றன. பெரும்பாலும் வலது அடிவயிற்றில் அதை வைத்து, தம்பியின் ரத்தக்குழாய்களோடும் குடலோடும் இணைத்திருப்பார்கள். அவருடைய சொந்தக் கணையம் பழைய இடத்திலேயே இருக்கிறது, அதை யாரும் எடுப்பதில்லை.

உடலின் எதிர்ப்பாற்றல் இந்தப் புதிய உறுப்பைத் தாக்கும்போது முதலில் குறிவைப்பது திட்டுகளை அல்ல. கணையத்தின் மடல்களுக்கு இடையே ஓடும் மெல்லிய இழைத் தடுப்புகளில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து கூடுகின்றன. அங்குள்ள சிறு சிரைகளின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, நாளங்களின் சுவருக்குள் நுழைகின்றன. அடுத்த கட்டமாக அசினார் செல்களுக்கு நடுவே பரவி, அவற்றை ஒன்றொன்றாகச் சாகடிக்கின்றன. செத்த செல்களிலிருந்து லைபேஸும் அமைலேஸும் ரத்தத்தில் கசிகின்றன. உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் ஏறியிருப்பது இதுவாக இருக்கலாம். இந்த நேரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் திட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுற்றிலும் அழற்சி, நடுவில் திட்டு மட்டும் தொடப்படாமல் நிற்கும். அதனால் சர்க்கரையும் கெடாது. தாக்குதல் தமனிகளின் சுவரை எட்டி ரத்த ஓட்டத்தைக் குறைத்து, திசு பரவலாகச் சாகத் தொடங்கும்போதுதான் திட்டுகளும் போகின்றன. திட்டுகளில் கணிசமான பங்கு அழிந்த பிறகே ரத்தச் சர்க்கரை ஏறும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்த நிராகரிப்பை மருந்தால் திருப்புவது மிகவும் கடினம் என்பது இந்தத் துறையின் ஆரம்ப காலத்திலிருந்தே தெரிந்த கசப்பான பாடம்.

காய்ச்சல், வயிற்று வலி, அடிவயிற்றில் தொட்டால் நோவது, வயிற்றுப்போக்கு போன்றவை சிலருக்கு வரும். பலருக்கு எதுவுமே இருக்காது. ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார், பசி இருக்கும், சர்க்கரை 100க்குள் இருக்கும். ரத்தத்தில் லைபேஸ் மட்டும் ஏறியிருக்கும்.

உலகெங்கும் நோய்க்குறியியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பான்ஃப் வகைப்பாடு மேலே சொன்ன வரிசையைத்தான் படிகளாக வைக்கிறது. இழைத் தடுப்பிலும் சிரையிலும் நாளத்திலும் அழற்சி நின்றுவிட்டால் முதல் படி. அசினார் செல்களிடையே பல இடங்களில் பரவி ஆங்காங்கே செல்கள் செத்திருந்தாலோ, தமனியின் உட்படலத்தில் லேசான அழற்சி இருந்தாலோ இரண்டாம் படி. செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தாலோ, தமனி அழற்சி கடுமையாக இருந்தாலோ மூன்றாம் படி. முதல் படியில் பிடித்தால் பெரும்பாலும் கணையம் மீளும். மூன்றாம் படியில் மீண்டாலும் தழும்பு விழும், பின்னாளில் கணையம் சுருங்கும் வாய்ப்பு கூடும்.

இன்னொரு வகை நிராகரிப்பும் உண்டு. அதில் முன்னணியில் இருப்பது டி செல் அல்ல, ஆன்டிபாடி. கர்ப்பம், ரத்தம் ஏற்றியது, முன்பு செய்த மாற்று அறுவை போன்றவற்றால் வேறொருவரின் எச்எல்ஏ அடையாளங்களுக்கு (செல்களின் மேல் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் புரதங்கள்) எதிராக உடல் ஏற்கெனவே ஆன்டிபாடிகளைத் தயாரித்து வைத்திருக்கலாம். அறுவைக்குப் பிறகு புதிதாகவும் உருவாகலாம். இவை நேரே ரத்தக்குழாயின் உட்சுவரைத் தாக்கும். நுண்குழாய்களில் அழற்சி தெரியும், சி4டி என்ற புரதத்தின் படிவு சாயத்தில் ஒளிரும், ரத்தப் பரிசோதனையில் டோனருக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பது உறுதியாகும். இதன் மிகக் கொடிய வடிவம், அறுவை மேசையிலேயே உறுப்பு கறுத்துப்போகும் அதிவிரைவு நிராகரிப்பு. அறுவைக்கு முன் டோனரின் செல்களையும் பெறுபவரின் ரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்கும் கிராஸ்மேட்ச் வழக்கமான பிறகு இது அரிதாகிவிட்டது.

இனி முதல் சில நாட்களுக்கு வருகிறேன். நிராகரிப்பைப் பற்றிப் பேசும் பலர் இந்தப் பகுதியைக் கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் கணையம் சீக்கிரமே போவதற்கு மிகப் பெரிய தனிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் பாயும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் கணையத்துக்குள் ஓடும் ரத்தம் மிகக் குறைவு. அது போதாதென்று, உடலுக்குள் மண்ணீரலிலிருந்து வரும் ரத்தமும் கணையத்தை ஒட்டிய சிரை வழியாகத்தான் ஓடும். டோனரிடமிருந்து எடுத்த பிறகு மண்ணீரலை நீக்கி அந்தச் சிரையின் முனையைக் கட்டிவிடுவார்கள். வழக்கமாக வேகமாக ஓடிய இடத்தில் இப்போது மெதுவான ஓட்டமும் ஒரு முட்டுச்சந்தும்தான் மிஞ்சுகின்றன. அதோடு, மூளைச்சாவின்போதும், குளிரூட்டிய கரைசலில் காத்திருந்தபோதும், மறுபடி ரத்தம் பாய்ந்தபோதும் பட்ட காயத்தால் கணையம் வீங்கியிருக்கும். இவையெல்லாம் சேர்ந்து ரத்தம் உறைய இடம் கொடுக்கின்றன. டோனருக்கு வயது 45க்கு மேல், உடல் பருமன், டோனர் இறந்தது மூளைப் பக்கவாதத்தால், குளிரில் வைத்த நேரம் 12 மணிக்கு மேல் என்றால் ஆபத்து இன்னும் கூடும். அறுவைக்குப் பின் ஹெப்பாரின், ஆஸ்பிரின் கொடுத்து, டாப்ளர் ஸ்கேனில் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

அடைப்பு ஏற்பட்டால் நடப்பது நிராகரிப்புக்கு நேர்மாறு. திட்டுகள் உட்பட முழு உறுப்பும் ஒரே சமயத்தில் ரத்தமின்றித் தவிப்பதால் சர்க்கரை சில மணி நேரத்தில் திடீரென்று ஏறும், வயிறு வலிக்கும். அதனால் மூன்றாம் நாள் சர்க்கரை 300 என்றால் மருத்துவர்கள் முதலில் ஓடுவது ஸ்கேன் அறைக்கு. ஏழாம் வாரம் சர்க்கரை சரியாக இருந்து லைபேஸ் ஏறினால் யோசிப்பது பயாப்ஸியை.

எண்களாகச் சொன்னால், ரத்த உறைவு, கசிவு, ரத்தப்போக்கு, கணைய அழற்சி, தொற்று போன்ற அறுவை சார்ந்த காரணங்களால் முதல் மாதங்களில் கணையத்தை இழப்பவர்கள் சுமாராக 100க்கு 5 முதல் 10 பேர். இவற்றில் ரத்த உறைவுதான் முதலிடம். சிறுநீரகத்தோடு சேர்த்துப் பொருத்தியவர்களில், முதல் ஆண்டுக்குள் நிராகரிப்பால் கணையத்தை முழுசாக இழப்பவர்கள் 100க்கு 2 பேர் அளவில்தான். தனிக் கணையம் பெற்றவர்களில் இது இரண்டு மூன்று மடங்கு. நிராகரிப்பு ஒருமுறையாவது தலைகாட்டுவது இதைவிட அதிகம், முதல் ஆண்டில் ஏறத்தாழ 100க்கு 10 முதல் 20 பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிராகரிப்பு வந்தவர்களில் பெரும்பாலோரின் கணையம் காப்பாற்றப்படுகிறது. நேரத்தோடு கண்டுபிடிப்பதால் கிடைக்கும் பலன் அது.

இந்தப் பிரிவினை நான் மேலே எழுதியது போல அவ்வளவு சுத்தமானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறைந்து எடுத்துவிட்ட கணையங்களை ஆய்வகத்தில் பல இடங்களில் வெட்டிப் பார்த்தபோது, அறுவைக் கோளாறு என்று எழுதப்பட்ட சிலவற்றில் தமனிச் சுவர் முழுக்க நிராகரிப்பின் தடயங்கள் இருந்தன. சிலவற்றில் சி4டி படிந்திருந்தது. அதாவது ஆன்டிபாடியோ டி செல்லோ குழாயின் உட்சுவரைப் புண்ணாக்க, அந்தப் புண்ணின் மேல் ரத்தம் உறைந்திருக்கிறது. உறைவு இங்கே விளைவு, காரணம் நிராகரிப்பு. வெறும் அறுவை சார்ந்த உறைவில் குழாய்ச் சுவர் அழற்சியின்றி இருக்கும். இரண்டுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றேதான். ஆகவே சீக்கிரம் போன எந்தக் கணையத்தையும் ஆய்வுக்கு அனுப்பாமல் விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடுத்த கணையத்துக்கு அந்த நோயாளி பதிவு செய்யும்போது இதற்கு முன் ஆன்டிபாடியால் போனதா, குழாய் அடைத்துப் போனதா என்பது எல்லா முடிவுகளையும் மாற்றும். அடைத்துப் போனது என்றால் இன்னொரு நல்ல டோனர் கிடைத்தால் போதும். ஆன்டிபாடி என்றால் அதே எச்எல்ஏ அடையாளம் உள்ள டோனரைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

இந்த அறுவையின் வரலாறே நிராகரிப்பை நேரத்தில் பிடிக்க நடந்த போராட்டம் என்று சொல்லலாம். 1966 டிசம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெல்லி, ரிச்சர்ட் லில்லிஹை இருவரும் 28 வயதுப் பெண் ஒருவருக்குச் சிறுநீரகத்தோடு கணையத்தின் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். சில நாட்கள் இன்சுலின் இல்லாமல் இருந்தார், பிறகு மறுபடியும் தேவைப்பட்டது. சில மாதங்களுக்குள் அவர் இறந்துவிட்டார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் முடிவுகள் மோசமாகவே இருந்தன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரின் 1983இலும் டாக்ரோலிமஸ் 1994இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது ஒருபுறம் நிலைமையை மாற்றியது.

மறுபுறம் மாற்றியது ஓர் அறுவை யுக்தி. 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் சாலிங்கர் கணையநீரைக் குடலுக்கு அனுப்பாமல் சிறுநீர்ப்பைக்குத் திருப்பிவிடும் முறையைப் பரப்பினார். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இதனால் கணையம் சுரக்கும் அமைலேஸ் சிறுநீரிலேயே வந்தது, தினமும் அளக்க முடிந்தது. நிராகரிப்பு அசினார் செல்களை முதலில் தாக்குவதால், சர்க்கரை ஏறுவதற்குப் பல நாட்கள் முன்பே சிறுநீர் அமைலேஸ் சரியும். வழக்கமான அளவில் பாதிக்குக் கீழே போனால் எச்சரிக்கை. சர்க்கரையை நம்பிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு முதன்முறையாக முன்கூட்டியே சேதி சொல்லும் வழி கிடைத்தது. அதற்கு நோயாளிகள் கொடுத்த விலையும் சிறியதல்ல. கணையநீரோடு பைகார்பனேட் வெளியேறி ரத்தத்தில் அமிலம் கூடியது, உடல் வறண்டது, சிறுநீர்ப்பையில் எரிச்சலும் ரத்தக்கசிவும் தொற்றும் திரும்பத் திரும்ப வந்தன. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1990களின் நடுப்பகுதிக்குப் பின் மருந்துகள் வலுவடைந்து, ஊசி பயாப்ஸியும் பாதுகாப்பானதும் பெரும்பாலான மையங்கள் குடல் இணைப்புக்குத் திரும்பிவிட்டன. அப்போது இழந்த சிறுநீர் அமைலேஸின் இடத்தைத்தான் இன்று ரத்த லைபேஸும் பயாப்ஸியும் நிரப்புகின்றன.

"கிரியாட்டினின் ஏறவில்லையே, சிறுநீரகம் நன்றாகத்தானே இருக்கிறது" என்றும் எழுதியிருந்தீர்கள். இது நியாயமான கேள்வி. ஒரே டோனரின் இரண்டு உறுப்புகள் என்பதால் நிராகரிப்பு வந்தால் பெரும்பாலும் இரண்டிலும் வரும் என்று நெடுநாள் நம்பினார்கள். சிறுநீரகத்தில் பயாப்ஸி எடுத்து அதையே கணையத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். சிறுநீரகமும் கணையமும் சேர்ந்து பெற்றவர்களில் நிராகரிப்பால் கணைய இழப்பு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், கிரியாட்டினின் முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடுவது. தனிக் கணையம் பெற்றவருக்கு அப்படியொரு துணை இல்லை. ஆனால் இரண்டு உறுப்புகளிலும் ஒரே நேரத்தில் பயாப்ஸி எடுத்துப் பார்க்கத் தொடங்கியபோது, ஒன்றில் நிராகரிப்பும் மற்றதில் ஒன்றுமில்லாமலும் இருப்பது அபூர்வமல்ல என்று தெரிந்தது. கிரியாட்டினின் ஏறினால் அது கணையத்துக்கும் எச்சரிக்கை. ஏறாமல் இருந்தால் அதை வைத்துக் கணையம் நலம் என்று முடிவுக்கு வர முடியாது.

சரி, லைபேஸ் ஏறிவிட்டால் நிராகரிப்பு என்றே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துவிட வேண்டியதுதானே, ஏன் குத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. லைபேஸ் வேறு பல காரணங்களாலும் ஏறும். அறுவைக்குப் பின் மீந்த அழற்சி, கணையத்தைச் சுற்றித் தேங்கிய நீர், குடல் அடைப்பு, கடுமையான மலச்சிக்கல், சைட்டோமெகலோ வைரஸ் தொற்று எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. லைபேஸ் ஏறியதற்காக எடுத்த பயாப்ஸிகளில் கணிசமானவற்றில் நிராகரிப்பே இருப்பதில்லை. வைரஸ் தொற்று உள்ளவருக்கு நிராகரிப்பு என்று எண்ணி எதிர்ப்பாற்றலை இன்னும் அடக்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஊகம் இங்கே ஆபத்தானது.

இதன் மறுபக்கமும் உண்டு, சர்க்கரை மட்டும் ஏறி லைபேஸ் அமைதியாக இருப்பது. ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் தாமாகவே சர்க்கரையை ஏற்றும். டாக்ரோலிமஸ், திட்டுகளில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்கு நேரடியாகவே கெடுதல் செய்யக்கூடியது. இன்னொரு காரணம், தம்பிக்கு முதலில் நீரிழிவைக் கொடுத்த அதே தன்னெதிர்ப்பு நோய் புதிய கணையத்திலும் திரும்புவது. மின்னசோட்டாவில் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களிடையே செய்த மாற்று அறுவைகள் இதைத் தெளிவாகக் காட்டின. மரபணு ஒன்றே என்பதால் நிராகரிப்புக்கு இடமில்லை என்று எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தவிர்த்தார்கள். கணையம் நிராகரிக்கப்படவில்லை, ஆனால் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் நீரிழிவு திரும்பியது. திசுவில் அசினார் செல்கள் நலமாக இருந்தன, பீட்டா செல்கள் மட்டும் தேடித் தேடி அழிக்கப்பட்டிருந்தன. நிராகரிப்பின் படத்துக்கு இது நேரெதிர். இரண்டையும் அடுத்தடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது எதிர்ப்பாற்றலின் துல்லியம் இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வழக்கமான நோயாளிகளில் இது பெரும்பாலும் ஆண்டுகள் கழித்தே வருகிறது. இந்தத் தன்னெதிர்ப்பு நோயில் ரத்தத்தில் தோன்றும் ஜிஏடி போன்ற ஆன்டிபாடிகளைச் சோதித்துச் சந்தேகிக்கலாம்.

பயாப்ஸி எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், பயம் குறையும். அல்ட்ராசவுண்டிலோ சிடி ஸ்கேனிலோ பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் நூல் கனத்துக்குத் திசு எடுப்பார்கள். சிலருக்குக் குடல் வளையங்கள் முன்னால் வந்து மறைத்தால் லேப்ராஸ்கோப்பி தேவைப்படலாம். ரத்தக்கசிவு, கணையநீர்க் கசிவு, கணைய அழற்சி போன்ற குறிப்பிடத்தக்க சிக்கல்கள் அனுபவமுள்ள மையங்களில் 100க்கு 2, 3 பேருக்கு வருகின்றன. ஹெப்பாரினோ ஆஸ்பிரினோ போய்க்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். டோனரின் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் அளக்கும் புதிய சோதனை நம்பிக்கை தருவதாக இருக்கிறது. ஆனால் எந்த வகை, எத்தனையாவது படி என்பதைச் சொல்ல இப்போதைக்குத் திசுதான் வேண்டும்.

நிராகரிப்பு என்று வந்தால் முதல் படிக்குப் பெரும்பாலும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று நாட்கள் அதிக அளவில் சிரை வழியாகச் செலுத்துவார்கள். அந்த நாட்களிலும் அதற்குப் பின்னும் சர்க்கரை ஏறும், தற்காலிகமாக இன்சுலின் வேண்டியிருக்கும். கணையம் போய்விட்டது என்று பதறாதீர்கள், அது மருந்தின் வேலை. இரண்டாம், மூன்றாம் படிக்கும், ஸ்டீராய்டுக்கு அடங்காததற்கும் டி செல்களை அழிக்கும் ஏடிஜி. ஆன்டிபாடி வகைக்கு பிளாஸ்மா மாற்றம், இம்யூனோகுளோபுலின், சில இடங்களில் ரிட்டுக்ஸிமாப்.

குடும்பமாக நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இருப்பது மருந்து அளவில்தான். டாக்ரோலிமஸின் ரத்த அளவு முதல் மூன்று மாதம் பொதுவாக 8 முதல் 12 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. போட்டுவிட்டுப் போய்க் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடுவார். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் மருந்து ஏறுவதும் ஒழுங்கற்றுப்போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அளவு சட்டென்று மாறும், அன்றே தெரிவியுங்கள். ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம் அளவைக் கூட்டும். ஃபெனிட்டாயின், கார்பமசெபின் குறைக்கும். பம்ளிமாஸ் பழமும் அளவைக் கூட்டக்கூடியது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நான் தனியாகச் சொல்வது ரிஃபாம்பிசினை. காசநோய் நம்மூரில் பரவலானது, எதிர்ப்பாற்றலை அடக்கியவர்களுக்கு இன்னும் எளிதில் வரும். அதற்கான முதல்வரிசை மருந்து ரிஃபாம்பிசின். அதைத் தொடங்கினால் சில நாட்களிலேயே டாக்ரோலிமஸ் அளவு பாதாளத்துக்குப் போய்விடும். காசநோய்க்கு வைத்தியம் நடக்கும்போதே நிராகரிப்பு வந்து சேரும். ரிஃபாபியூட்டின் என்ற மாற்று இருக்கிறது, அல்லது டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டி அடிக்கடி அளக்க வேண்டும். உள்ளூர் மருத்துவர் எந்தப் புது மருந்தை எழுதினாலும், முதல் மாத்திரையைப் போடும் முன் மாற்று மையத்துக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். ஒரு வேளை மருந்து தவறிவிட்டாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் மாதங்களில் வரும் நிராகரிப்புகளில் மருந்து அளவு குறைந்ததன் பங்கு பெரிது, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மோசமான முடிவு வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். கணையம் போனாலும் சிறுநீரகம் நிற்கலாம். அப்போது அதற்காக மருந்துகள் தொடரும், தம்பி இன்சுலினுக்குத் திரும்புவார். அழுகியோ தொற்றியோ இருந்தால் கணையத்தை எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. கொஞ்சம் இன்சுலின் தேவைப்படுவதாலேயே கணையம் செத்துவிட்டதாக ஆகாது. அமெரிக்க உறுப்பு மாற்றுப் பதிவேட்டின் வரையறைப்படி, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.5 யூனிட் அல்லது அதற்கு மேல் 90 நாட்கள் தொடர்ந்து தேவைப்பட்டால்தான் அது தோல்விக் கணக்கில் சேரும். அதற்குக் குறைவாக இருந்தால், இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடை அளந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். மிச்சமிருப்பதும் பயன்தான். தாழ்சர்க்கரை மயக்கம் குறையும், சர்க்கரையின் ஏற்ற இறக்கம் அடங்கும்.

இப்போதைக்கு உங்கள் தம்பியிடம் இருப்பது ஏறிய லைபேஸ், நல்ல சர்க்கரை, அமைதியான கிரியாட்டினின். நிராகரிப்பாக இருந்தால் இது கைக்குள் இருக்கும் நேரம். மருத்துவக் குழுவிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கடைசி மூன்று டாக்ரோலிமஸ் அளவுகள் என்ன, டோனருக்கு எதிரான ஆன்டிபாடி சோதனை அனுப்பியாயிற்றா, பயாப்ஸியில் சி4டி சாயமும் பார்ப்பார்களா. பயாப்ஸியை அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் ஓரிரு நாட்களுக்குள் செய்யச் சொல்லுங்கள்.